பேஸ்பாலும் ஊக்கமருந்தும்: கேள்வி பதில்

கேள்வி: ஊசி போட்டுக்கொண்டால் பந்து மட்டையில் பட்டுவிடுமா? கண்ணும் கையும்தானே முக்கியம்?

பதில்: அமெரிக்க பேஸ்பாலின் உச்சத் தொடரான மேஜர் லீகில் ஆடுகிறவருக்குக் கண்ணும் கையும் ஏற்கெனவே இருக்கின்றன. மட்டையின் வேகம் சற்றுக் கூடினாலே போதும், வேலியோரம் பிடிபட வேண்டிய பந்து ரசிகர்கள் நடுவே போய் விழும்; அதுதான் ஹோம் ரன். அதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. ஆறு மாதத்தில் 162 ஆட்டங்கள். ஆகஸ்டில் எல்லோரும் துவண்டிருக்கும்போது, மருந்து எடுத்தவர் சீக்கிரம் தேறிவிடுவார். பந்து வீசும் பிட்சர்களும் அதற்காகத்தான் மருந்து எடுத்துச் சிக்கினார்கள்.

கேள்வி: 1998இல் மார்க் மெக்குவயர் 70 ஹோம் ரன் அடித்தபோது தடை விதியே இல்லையாமே?

பதில்: பாதி உண்மை. தசையை வளர்க்கும் ஸ்டீராய்டும் தடைக்குள் அடங்கும் என்று லீகின் தலைவரான கமிஷனர் ஃபே வின்சென்ட் 1991இலேயே அணிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். ஆனால் பரிசோதனை இல்லை. 1998 ஆகஸ்டில் மெக்குவயரின் லாக்கரில் ஆண்ட்ரோஸ்டீன்டையோன் என்ற ஹார்மோன் மருந்துப் புட்டி இருந்ததை ஒரு நிருபர் எழுதினார். ஒலிம்பிக்கில் தடை செய்யப்பட்ட அந்தப் பொருள் அமெரிக்கக் கடைகளில் தாராளமாக விற்றது. பலருடைய கோபமும் நிருபர் மீதே பாய்ந்தது! ஸ்டீராய்டு எடுத்ததை மெக்குவயர் 2010இல் ஒப்புக்கொண்டார்.

மறுகேள்வி: எல்லோரும் எடுத்தார்கள் என்றால் கணக்கு சமம்தானே?

பதில்: இந்த வாதத்தை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். 2003இல் பெயர் வெளியிடாமல் சோதனை நடந்தது. ஐந்து சதவீதத்துக்கு மேல் சிக்கினால் அடுத்த ஆண்டு முதல் தண்டனையோடு சோதனை என்பது உடன்பாடு. 5 முதல் 7 சதவீதம் சிக்கியது. தப்பியவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அப்போதும் 'எல்லோரும்' ஆகாது. நட்சத்திரங்களை விடுங்கள், அன்றைய அணியின் கடைசி இடமான 25ஆவது இடத்தைப் பாருங்கள். அந்த இடம் கிடைத்தவருக்கு 2003இல் குறைந்தபட்சச் சம்பளமே 3 லட்சம் டாலர். கிடைக்காதவர் அடுத்த நிலையான மைனர் லீகில் மாதம் சில ஆயிரம் டாலருக்குப் பஸ்ஸில் ஊர் ஊராகப் போக வேண்டும். மருந்து எடுக்க மறுத்து அங்கேயே நின்றுபோனவரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அநியாயம் நடந்தது அவருக்குத்தான்.

மறுகேள்வி: அப்படியானால் அந்தக் காலத்தில் சோர்வை விரட்ட ஆம்பெடமைன் மாத்திரை விழுங்கியவர்கள்?

பதில்: நியாயமான கேள்வி. 'கிரீனி' என்ற பெயரில் அது பல பத்தாண்டுகள் ஓய்வறைகளில் புழங்கியது. அதற்கான சோதனை 2006இல்தான் வந்தது. பழைய சாதனைகள் எல்லாம் தூய்மையானவை என்று நான் சொல்லவில்லை. முந்தைய தவறு பிந்தைய தவறுக்கு அனுமதிச் சீட்டு ஆகாது என்கிறேன்.

கேள்வி: ஊக்கமருந்துச் சர்ச்சையில் சிக்கிய ஹோம் ரன் சாதனையாளர் பாரி பாண்ட்ஸுக்கு, சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் தர வேண்டாமா?

பதில்: 75 சதவீத வாக்கு வேண்டும். செய்தியாளர் வாக்கெடுப்பில் அவருடைய கடைசி வாய்ப்பான 2022இல் 66 சதவீதமே கிடைத்தது.

கேள்வி: எல்லோரும் எடுத்த காலத்தில் பாண்ட்ஸை மட்டும் ஏன் குறை சொல்கிறீர்கள்?

பதில்: 'எல்லோரும்' என்பதற்கு மேலே பதில் இருக்கிறது. படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. எந்த மருந்து, எவ்வளவு?

பதில்: எதுவும் வேண்டாம். வளரும் வயதில் ஸ்டீராய்டு எடுத்தால் எலும்பு முனைகள் முன்கூட்டியே மூடிக்கொண்டு உயரம் நின்றுவிடலாம். மருத்துவரிடம் போங்கள். ஜிம்மில் தரும் பெயர் தெரியாத பொடியையும் தொட விடாதீர்கள்.

கேள்வி: தெரியாமல் உடலில் சேர்ந்துவிட்டால்?

பதில்: 2022இல் சிக்கிய மேஜர் லீக் வீரர் ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியர், படர்தாமரைக்குப் பூசிய மருந்தில் குளோஸ்டெபால் என்ற ஸ்டீராய்டு இருந்தது என்றார். 80 ஆட்டத் தடை நீங்கவில்லை. உடலுக்குள் போவதற்கு வீரரே பொறுப்பு. பொடி விஷயத்தில் மறுபடியும் சொல்கிறேன்: லேபிளை நம்பி வாங்காதீர்கள்.

கேள்வி: இப்போதைய தண்டனை போதுமா?

பதில்: 2014இல் வந்த விதிப்படி, முதல் முறை சிக்கினால் 80 ஆட்டத் தடை, அடுத்து 162, மூன்றாவது முறை ஆயுள் தடை. சிக்கிய ஆண்டில், பட்டத்துக்கான இறுதிக்கட்ட ஆட்டங்களான பிளேஆஃப் கிடையாது. போதாது என்பேன். ஜானி பெரால்டா என்ற வீரர் 2013இல், பழைய விதிப்படி 50 ஆட்டத் தடையை அனுபவித்தார். அதே நவம்பரில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அவரை நான்கு ஆண்டுக்கு 5 கோடியே 30 லட்சம் டாலருக்கு எடுத்தது. தடை பெற்றவரை எடுக்கும் அணிக்கும் ஏதாவது இழப்பு இருக்க வேண்டும். புதிய வீரர்களை எடுக்கும் டிராஃப்டில் ஒரு தேர்வையாவது பறிக்கலாம்.