வாசகர் கேள்வி – பதில்: ஒரு நதி, மூன்று எண்கள்

சென்ற இதழில், ஐரோப்பிய நாடுகளை எல்லை தாண்டி இணைக்கும் ‘யூரோவேலோ’ மிதிவண்டித் தடங்களைப் பற்றி எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

இத்தனை நாடுகளுக்கும் சேர்த்துப் பாதை போட்டது யார்? செலவு யாருடையது? – மதுரை வாசகர்

பாதையை யாரும் ஒரே வீச்சில் புதிதாகப் போடவில்லை. பிரஸ்ஸல்ஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஐரோப்பிய மிதிவண்டியாளர் கூட்டமைப்பு 1983-ல் உருவானது. அது 1995-ல் கையில் எடுத்த இந்தத் திட்டம், 1997-ல் ஸ்பெயினின் லொக்ரோன்யோ நகரில் முறைப்படி தொடங்கிவைக்கப்பட்டது. இன்று 17 தடங்கள் வரையப்பட்டிருக்கின்றன. அனைத்தும் முடியும்போது மொத்த நீளம் 90,000 கிலோமீட்டரைத் தாண்டும். ஆனால் கூட்டமைப்பிடம் தார் போடும் இயந்திரமும் இல்லை, நிலமும் இல்லை. ஆற்றங்கரை மேடுகள், முற்காலத்தில் குதிரைகளைக் கட்டிப் படகுகளை இழுத்துச் சென்ற கரைப்பாதைகள், கைவிடப்பட்ட ரயில் தடங்கள், வண்டி நடமாட்டம் குறைந்த ஊர்ச் சாலைகள் என்று ஏற்கெனவே இருந்தவற்றைச் சரம் தொடுப்பதுபோல் தொடுத்து, அந்தச் சரத்துக்கு ஓர் எண்ணைக் கொடுப்பதுதான் அதன் வேலை. செலவைப் பெரும்பாலும் அந்தந்த ஊராட்சிகளும் மாநிலங்களும் ஏற்கின்றன. எல்லையை ஒட்டிய பணிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதி கிடைப்பதுண்டு.

சரம் தொடுப்பது எளிய வேலை என்று எண்ணிவிட வேண்டாம். பயிற்சி பெற்ற ஆய்வாளர்கள் தடம் முழுவதையும் மிதிவண்டியிலேயே கடந்து, எங்கே சரளைக் கல், எங்கே லாரிகள் ஓடும் சாலை, எங்கே ஏற்றம், எங்கே தங்குமிடம் என்று பகுதி பகுதியாகக் குறித்துக்கொள்கிறார்கள். கூட்டமைப்பின் தரச்சான்றுக்கு அந்தக் குறிப்புகளே அடிப்படை.

என் பார்வையில், மிகவும் இடர்ப்படும் இடம் எல்லைக்கு முந்தைய கடைசிச் சில கிலோமீட்டர்தான். தன் ஊர் மக்கள் அதிகம் போகாத ஒரு கோடிக்குப் பணம் ஒதுக்க எந்த ஊர் நிர்வாகத்துக்கும் மனம் வராது. எதிர்க்கரையில் இருப்பவருக்கோ இந்தக் கரையில் வாக்கு இல்லை. ஆஸ்திரியாவையும் ஸ்லோவாக்கியாவையும் பிரிக்கும் மொராவா ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 18-ஆம் நூற்றாண்டில் ஷ்லாஸ்ஹோஃப் அரண்மனைக்கு அருகே அங்கே ஒரு பாலம் இருந்து அழிந்தது. பிறகு, கம்யூனிசக் கிழக்கையும் மேற்கு ஐரோப்பாவையும் பிரித்த ‘இரும்புத்திரை’க் காலத்தில் அந்தக் கரை முள்வேலியாயிற்று. நடப்போருக்கும் மிதிவண்டிகளுக்கும் மட்டுமான புதிய பாலம் 2012-ல்தான் வந்தது. அதற்குப் பெயர் கேட்டு நடத்திய இணைய வாக்கெடுப்பில் முதலிடம் பிடித்தவர் ஹாலிவுட் சண்டை நடிகர் சக் நாரிஸ்! அதிகாரிகள் அதை ஏற்கவில்லை. எல்லையைக் கடக்க முயன்று உயிரிழந்தவர்களை நினைத்து, ‘விடுதலைப் பாலம்’ என்று பெயரிட்டார்கள்.

தடங்களின் எண்களுக்கு ஏதேனும் கணக்கு உண்டா? – ஈரோடு வாசகி

உண்டு. வடக்கு தெற்காக ஓடுபவை ஒற்றைப்படை, மேற்கு கிழக்காக ஓடுபவை இரட்டைப்படை. 10-ம் 12-ம் விதிவிலக்கு. ஒன்று பால்டிக் கடலையும், மற்றொன்று வட கடலையும் சுற்றி வருகின்றன.

நான் பாசல் நகரில் வசிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ரைன் நதியோரம் சைக்கிள் ஓட்டும்போது ஒரே பாதைக்கு வேறு வேறு எண்களைப் பார்க்கிறேன். எதை நம்புவது? – சுவிட்சர்லாந்து வாசகர்

எல்லாமே சரியானவைதாம். ரைன் நதியை அதன் பிறப்பிடமான ஆல்ப்ஸ் மலையிலிருந்து நெதர்லாந்துக் கடற்கரை வரை தொடரும் யூரோவேலோ தடத்தின் எண் 15. சுவிட்சர்லாந்தோ 1998-லேயே ஒன்பது தேசியத் தடங்களை அமைத்துவிட்டது. அந்தக் கணக்கில் ரைன் தடம் 2. ஜெர்மனியின் பட்டியலில் அதே நதியோரத் தடம் 8. பலகையின் நிறமும் மாறும்: சுவிஸ் பலகை சிவப்பு, ஜெர்மன் பலகை பெரும்பாலும் வெள்ளையில் பச்சை எழுத்து. பழைய பலகைகளைப் பிடுங்கி எறியச் சொன்னால் எந்த நாடும் ஒப்புக்கொள்ளாது. ஆகவே, நீலப் பின்னணியில் மஞ்சள் நட்சத்திர வளையத்துக்குள் எண்ணைப் பொறித்த சிறு சதுரம் ஒன்றை, இருக்கிற பலகையோடு ஒட்டிவைத்தால் போதும் என்று முடிவு செய்தார்கள். யாருடைய தன்மானத்துக்கும் இடையூறில்லாத இந்தச் சிறு சதுரத்தைத்தான் இத்திட்டத்தின் மிகப் புத்திசாலித்தனமான கண்டுபிடிப்பு என்பேன். அடுத்த ஞாயிறு நீங்கள் வடக்கே போனால், அந்த நீலச் சதுரத்தை மட்டும் கண்ணில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியே, ஜெர்மனியின் வைல் அம் ரைன் ஊரையும் பிரான்சின் உனாங் ஊரையும் இணைக்கும் ‘முந்நாட்டுப் பால’த்திலும் ஏறிப் பாருங்கள். 2007-ல் திறக்கப்பட்ட அது, ஆற்றுக்குள் தூணே இல்லாமல் சுமார் 229 மீட்டரை ஒரே வளைவில் தாண்டுகிறது. காரும் பைக்கும் அதில் போக முடியாது.

ரயில் ஓடிய தடத்தில், இரு நாடுகளுக்கு நடுவே சைக்கிள் பாதை போகிறது என்று எழுதினீர்கள். சற்று விளக்கமாகச் சொல்ல முடியுமா? – புதுச்சேரி வாசகர்

உங்கள் ஊர்க்காரருக்கு இது எளிதில் விளங்கும். பாகூர்ப் பக்கம் போகும்போது தமிழ்நாடு வந்து, போய், மீண்டும் புதுச்சேரி வருகிறதே, அதே நிலைமைதான். ஆனால் இங்கே நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையே. ஜெர்மனியின் ஆகென் நகரில் தொடங்கி, பெல்ஜியத்தின் வழியாக, லக்சம்பர்க்கின் துருவாவியெர்ஜ் வரை 125 கிலோமீட்டர் நீளும் அந்தப் பாதையின் பெயர் ஃபென்பான். பிரஷ்ய அரசு 1880-களில் நிலக்கரிக்காகவும் இரும்புக்காகவும் போட்ட ரயில் பாதை அது. முதல் உலகப்போருக்குப் பிறகு வந்த வெர்சாய் உடன்படிக்கையின்படி ஒய்ப்பன், மால்மெடி வட்டாரங்கள் பெல்ஜியத்தின் கைக்குப் போயின. ரயில் பாதை முழுவதும் தன் கையில் இருக்க வேண்டும் என்று பெல்ஜியம் வாதாடிப் பெற்றுக்கொண்டதால், தண்டவாளம் போகிற ஒடுங்கிய கீற்று பெல்ஜியமாகவும், அதற்கு மேற்கே ஒதுங்கிய துண்டு நிலங்கள் ஜெர்மனியாகவும் ஆயின. அத்தகைய ஜெர்மன் திட்டுகள் ஐந்து இன்றும் இருக்கின்றன. அவற்றுள் மிகச் சிறியதான ரூக்‌ஷ்லாகில் இருப்பது ஒரேயொரு வீடும் தோட்டமும்தான். அந்த வீட்டார் தங்கள் நாட்டுக் கடைக்குப் பால் வாங்கப் போவதென்றாலும் சில அடி தூரம் பெல்ஜியத்தில் கால் வைத்தாக வேண்டும்.

ரயில் நின்று, தண்டவாளமும் பெயர்க்கப்பட்ட பிறகு, இனி அந்தக் கீற்று ஜெர்மனிக்கே திரும்புமா என்ற கேள்வி எழுந்தது. திரும்பவில்லை, தார் போட்டு, 2013-ல் முழுத் தடமும் மிதிவண்டிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. நீராவி எஞ்சின் இழுக்கக்கூடிய சரிவே இருக்க வேண்டும் என்று அன்றைய பொறியாளர்கள் கணக்குப் பார்த்து மண் வெட்டியதால், மலைநாட்டின் ஊடாகப் போனாலும் இன்று எழுபது வயதுக்காரர் மூச்சு வாங்காமல் மிதித்துப் போகிறார்.

செல்பேசி வரைபடம் பார்த்துக்கொண்டே ஓட்டினால் விழுந்துவிட மாட்டார்களா? – தஞ்சாவூர் வாசகி

நியாயமான கவலை. பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணத்தில் 1995-ல் இதற்கு ஒரு தீர்வு கண்டார்கள். சுரங்கப் பொறியாளரான ஹியூகோ போலன், நிலத்தடிச் சுரங்கத்தில் கிளை பிரியும் இடங்களுக்கு எண்ணிட்டு வழி சொல்வதுபோல், மிதிவண்டிப் பாதைகள் சந்திக்கும் இடங்களுக்கும் எண்ணிடலாம் என்றார். வீட்டிலிருந்து புறப்படும் முன் 12, 47, 63, 8 என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கைப்பிடியில் ஒட்டிக்கொள்கிறார்கள். 12-ஆம் சந்திக்கு வந்தால் 47 எந்தப் பக்கம் என்று அங்குள்ள பலகையின் அம்புக்குறி காட்டிவிடுகிறது. ஊர்ப் பெயர் தெரிய வேண்டியதில்லை, மொழியும் தெரிய வேண்டியதில்லை. அந்த எண் வலை பெல்ஜியத்தோடு நிற்கவில்லை. நெதர்லாந்திலும், ஜெர்மனியின் மேற்குப் பகுதியிலும் பரவி, எல்லையை உணரவே விடாமல் தொடர்கிறது.

இவ்வளவு செலவுக்கு வரவு உண்டா? விளம்பரம் எப்படிச் செய்கிறார்கள்? – திருப்பூர் வாசகர்

ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்காக 2012-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஐரோப்பாவில் ஆண்டுக்கு 230 கோடி மிதிவண்டிச் சுற்றுலாப் பயணங்கள் நடப்பதாகவும், அவற்றின் பொருளாதாரப் பயன் 4,400 கோடி யூரோ என்றும் மதிப்பிட்டது. இந்த எண்ணைப் பலரும் எடுத்துக்காட்டுகிறார்கள். வணிகரான நீங்கள் உள்ளே பிரித்துப் பார்ப்பீர்கள் என்பதால் சொல்கிறேன்: வெளியே இரவு தங்கிய பயணங்கள் அதில் ஏறக்குறைய 2 கோடி மட்டுமே. மற்றவை காலையில் கிளம்பி மாலையில் வீடு திரும்புகிறவை. ஆகவே, 6-ஆம் தடத்துக்கு வைத்த ‘அட்லாண்டிக்கிலிருந்து கருங்கடல் வரை’ என்ற பெயர் சுவரொட்டிக்கு அழகுதான். ஆனால் தடத்தைத் தேய்ப்பவர்கள் பக்கத்து ஊர்க்காரர்களே.

விளம்பரம் என்று பார்த்தால், நான் மதிப்பது ஜெர்மனியின் ‘பெட் பிளஸ் பைக்’ சின்னத்தை. அந்தச் சின்னம் மாட்டிய விடுதி, ஒரே ஓர் இரவுக்கு வருபவரையும் மறுக்கக் கூடாது. மிதிவண்டியைப் பூட்டிவைக்க இடம் தர வேண்டும். மழையில் நனைந்த உடையைக் காயவைக்க வசதி வேண்டும். பஞ்சர் ஒட்டக் கருவிப்பெட்டி வேண்டும். வண்ணப்படங்கள் செய்யாத வேலையை ஈரக் காலுறையைக் காயவைக்கும் கொடி செய்துவிடுகிறது.

ஓய்வு பெற்றதும் 6-ஆம் தடத்தில் நண்பருடன் போக விரும்புகிறேன். ஒரே விசா போதுமா? – சென்னை வாசகர்

6-ஆம் தடம் பிரான்சின் அட்லாண்டிக் கரையிலிருந்து லுவார், ரைன், டான்யூப் நதிகளைப் பிடித்துக்கொண்டு பத்து நாடுகளைக் கடந்து ருமேனியாவின் கொன்ஸ்தான்சாவில் முடிகிறது. ஒன்பது நாடுகள், ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஷெங்கன் வட்டத்துக்குள் இருக்கின்றன. பல்கேரியாவிலும் ருமேனியாவிலும் நிலவழி எல்லைச் சோதனை 2025 ஜனவரியில் நீங்கிவிட்டது. எஞ்சியது செர்பியா. குரோவேஷியாவிலிருந்து செர்பியாவுக்குள் போய்ப் பின் ருமேனியாவுக்கோ பல்கேரியாவுக்கோ வரும்போது, ஷெங்கனுக்குள் நீங்கள் இரண்டாம் முறை நுழைகிறீர்கள். ஆகவே பலமுறை நுழையும் விசாவாகக் கேட்டு வாங்குங்கள். செர்பியாவின் விதியைத் தனியே அதன் தூதரகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

முழுத் தடமும் போய்த்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. ஜெர்மனியின் பாசௌவிலிருந்து வியன்னா வரை டான்யூப் கரையில் சுமார் 320 கிலோமீட்டர். நீரோட்டத்தின் திசையிலேயே போவதால் பெரிய ஏற்றம் கிடையாது, ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். திரும்பி வர ரயில் உண்டு. மிதிவண்டிக்கும் இடம் பதிவு செய்ய வேண்டியிருக்கும். உங்கள் இருக்கைக்குப் பதிவு செய்யும்போதே அதையும் சேர்த்துச் செய்துவிடுங்கள், கோடையில் அந்த இடங்கள்தாம் முதலில் தீர்ந்துபோகின்றன.