குவைத்தில் நர்ஸ் வேலை: சலாம் சொன்னால் என்ன பதில் சொல்வது?

கேள்வி: குவைத்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் கிளம்புகிறேன். நான் முஸ்லிம் இல்லை. நோயாளிகள் சலாம் சொன்னால் நானும் பதில் சலாம் சொல்லலாமா? வேறு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

பதில்: தாராளமாகச் சொல்லலாம், சகோதரி. 'அஸ்ஸலாமு அலைக்கும்' என்று சொன்னால் 'வ அலைக்கும் ஸலாம்' என்று சொல்லுங்கள். பேசாமல் நின்றால்தான் முகம் வாடும். முதலில் நீங்களே ஆரம்பிக்க வேண்டிய இடத்தில் சலாம் சொல்லத் தயக்கமாக இருந்தால், காலையில் 'ஸபாஹ் அல்கைர்', மாலையில் 'மஸா அல்கைர்' போதும். இவை எந்த மதத்தாருக்கும் பொது.

ஆனால் ஒன்று. நாம் குட்மார்னிங்குக்குக் குட்மார்னிங் என்றே திருப்பிச் சொல்லிப் பழகியவர்கள். அரபியில் பெரும்பாலான வாழ்த்துகளுக்குத் தனி மறுமொழி உண்டு. 'ஸபாஹ் அல்கைர்' என்றால் 'ஸபாஹ் அன்னூர்'. 'மப்ரூக்' (வாழ்த்துகள்) என்று வாழ்த்தினால் 'அல்லாஹ் யபாரிக் ஃபீக்'. வாழ்த்தியவர் பெண் என்றால் 'ஃபீச்'. அதனால் முதலில் பதில்களை மனப்பாடம் செய்யுங்கள்.

குவைத் பேச்சில் பெண்ணிடம் பேசும்போது கடைசி 'க்' பெரும்பாலும் 'ச்' ஆகிவிடும். ஆணிடம் 'ஷ்லோனக்' (எப்படி இருக்கிறீர்கள்), பெண்ணிடம் 'ஷ்லோனிச்'. உங்களை யாராவது கேட்டால் 'ஸைனா, அல்ஹம்துலில்லாஹ்' (நலம், இறைவனுக்கே புகழ்) என்று சொல்லுங்கள்.

உங்கள் வேலைக்கு மிகவும் உதவப்போவது 'மா தஷூஃப் ஷர்'. படுக்கையில் இருப்பவரைப் பார்த்து, உமக்கு ஒரு கெடுதலும் வராது என்று சொல்வது. பெண் நோயாளியிடம் 'மா தஷூஃபீன் ஷர்'. ஊசி போட்டு முடித்ததும் இதைச் சொல்லிப் பாருங்கள், அந்தப் பாட்டியின் முகமே மாறும். அவர்கள் பதிலுக்கு உங்களிடம் 'யஅதீச் அல்ஆஃபியா' என்பார்கள். உழைப்பவரைப் பார்த்து, கடவுள் உமக்கு நலம் தரட்டும் என்று வாழ்த்துவது அது. 'அல்லாஹ் யஆஃபீக்' என்று பதில் சொல்லுங்கள், பெண்ணுக்கு 'யஆஃபீச்'. இதே வாழ்த்தை மொராக்கோக்காரரிடம் மட்டும் சொல்லாதீர்கள். அவர்கள் பேச்சில் 'ஆஃபியா' என்றால் நெருப்பு.

'இன்ஷா அல்லாஹ்' (இறைவன் நாடினால்) பற்றிப் பலர் பயமுறுத்துவார்கள், நழுவுவதற்குச் சொல்வது என்று. சில நேரம் அப்படித்தான். ஆனால் குவைத்தில் ஒரு வேலையைச் சொன்னதும் 'இன்ஷா அல்லாஹ்' என்று வந்தால், 'சரி, செய்கிறேன்' என்றே பெரும்பாலும் பொருள். தொனியைக் கவனியுங்கள்.

பிரசவ வார்டில் குழந்தையைப் பாராட்டும்போது 'மாஷா அல்லாஹ்' (இறைவன் நாடியது) சேர்த்துச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கண் பட்டுவிடும் என்று தாய் கலங்குவார். நம் ஊரில் திருஷ்டி என்கிறோமே, அதே பயம்தான்.

அப்புறம், கைகுலுக்குவது. ஆண்களிடம் நீங்களாகக் கை நீட்ட வேண்டாம். வலது கையை நெஞ்சில் வைத்துத் தலையை லேசாகச் சாய்த்தால் போதும்.