மதம் தந்த பயத்திலிருந்து மீண்டு, பேகன் வழிபாட்டின் (கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஐரோப்பிய இயற்கை வழிபாட்டை ஒட்டியது) பக்கம் போனவர்கள் இருக்கிறீர்களா? உங்கள் அனுபவம் என்ன?

போனேன். போய்ச் சேர்ந்துவிட்டேனா என்று கேட்டால் எனக்கே தெரியாது.

தூத்துக்குடி மாவட்டத்தில் தேரிக்காட்டை ஒட்டிய ஊர் எனக்கு. தாத்தா ஞானஸ்நானம் எடுக்கும்வரை எங்கள் வீட்டுச் சாமி இசக்கி. பனைவிளையில் கள்ளிச்செடிக்கு நடுவே ஒரு பீடம். அதற்கு விளக்கு வைத்தது என் பூட்டி. பதினாலு வயதில் எனக்கு வலிப்பு வந்தது. சபைக்கு விஷயம் தெரிந்ததும் முடிவு வந்துவிட்டது: "பிள்ளைக்குள்ள இருக்கது இசக்கிதான். பூட்டி வழியா வந்த கட்டு." டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். தின்றால் விசுவாசக் குறைவாம். மூன்று நாள் உபவாச ஜெபம். தலையை அழுத்திப் பிடித்து, "உன் பேர் என்ன, சொல்லு" என்றார்கள். என் பேரைச் சொன்னேன். அடி விழுந்தது. திரும்பக் கேட்டார்கள், திரும்பவும் என் பேரைத்தான் சொன்னேன். கடைசியில் "இசக்கி" என்றேன். எல்லோரும் அல்லேலூயா என்றார்கள்.

அடுத்த மாதம் கிணற்றடியில் விழுந்து மண்டை உடைந்தபோது சித்திதான் யாரிடமும் கேட்காமல் திருநெல்வேலிக்குத் தூக்கிப் போனாள். மாத்திரை மறுபடி ஆரம்பித்தது, வலிப்பு நின்றது. பயம் நிற்கவில்லை. முப்பது வயதில், இங்கிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கும்போதும், நடுராத்திரி விழித்துப் பக்கத்தில் வீட்டுக்காரர் இல்லையென்றால் இரகசிய வருகை, அதாவது இயேசு வந்து விசுவாசிகளை மட்டும் எடுத்துக்கொள்வது, நடந்துவிட்டது, என்னை மட்டும் விட்டுவிட்டார்கள் என்று நெஞ்சு அடைக்கும். அவர் பாத்ரூமில் இருப்பார். சபைக்குப் போவதை நிறுத்தி அப்போது ஒன்பது வருஷம்! நரகம் இல்லை என்று மூளைக்குத் தெரியும். உடம்புக்கு யார் சொல்வது?

கவுன்சிலிங் போனேன். மர்லீன் வினெல் என்ற அமெரிக்க உளவியலாளர் இந்த மாதிரிப் பாதிப்புக்கு 'மத அதிர்ச்சி' என்ற பொருளில் ஒரு பெயர் கொடுத்து 2011ல் எழுதியிருக்கிறார் என்று அங்கேதான் தெரிந்தது. மருத்துவக் கையேடுகளில் ஏறிய நோய்ப்பெயர் அல்ல அது. ஆனாலும் ஒரு பெயர் இருக்கிறது என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது.

பேகன் பக்கம் திரும்பியது தற்செயல். இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் ஏவ்பரி என்று ஒரு கிராமம். நாலாயிரம் வருஷத்துக்கும் மேல் பழைய கல்வட்டம், ஊரின் ஒரு பகுதியே அதற்குள் இருக்கிறது. ஸ்டோன்ஹெஞ்ச் என்ற புகழ்பெற்ற கல்வட்டம் போலக் கயிறு கட்டித் தள்ளி நிறுத்த மாட்டார்கள், கல்லைத் தொடலாம். அங்கே வேர்கள் மண்ணுக்கு மேலே பின்னிக் கிடக்கும் பீச் மரங்களில் கலர் கலராக ரிப்பன்கள் தொங்கின. யாரோ செத்தவருக்காக, யாரோ பிள்ளைக்காகக் கட்டியவை. எனக்குக் கால் ஓடவில்லை. இசக்கி கோயில் மரத்தில் தொட்டில் கட்டுகிறார்களே, அதுதானே இது? வெள்ளைக்காரர்கள் கட்டினால் அழகாக இருக்கிறது, என் பூட்டி கட்டினால் பேயா?

அந்தக் கற்களின் கதையையும் படித்தேன். இடைக்காலத்தில் பலவற்றைச் சாய்த்துப் புதைத்திருக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டில் தீயில் சுட்டுத் தண்ணீர் ஊற்றி உடைத்து வீடு கட்டினார்கள். 1930களில்தான் அலெக்சாண்டர் கீலர் என்பவர் தோண்டி எடுத்துத் திரும்ப நட்டார். எங்கள் விளைப் பீடத்தைத் தாத்தா கடப்பாரையால் இடித்தாராம். 'பேகன்' என்ற சொல்லின் லத்தீன் மூலத்துக்கு நாட்டுப்புறத்தான் என்று பொருள். பட்டிக்காட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிஷனரியான கால்டுவெல் இடையன்குடியில் இருந்துகொண்டு 1849ல் எங்கள் பக்கத்து ஆட்களைப் பற்றி எழுதிய நூலில் எங்கள் சாமிகளைப் பேய் என்றுதான் வகைப்படுத்தினார். மொழிக்கு அவர் செய்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் பாஸ்டர் என் தலையை அழுத்தியபோது சொன்னது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

பக்கத்து டவுனில் மாதம் ஒரு தடவை பப்பில் பேகன்கள் கூடுவார்கள். விக்கா என்ற நவீனச் சூனிய மதத்தவர், பழைய கெல்டியப் பூசாரிகளின் பேரைச் சொல்லும் ட்ரூயிட்கள், எதிலும் சேராதவர்கள், எல்லாம் கலவை. 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 74,000 பேர் மதம் 'பேகன்' என்று எழுதியிருக்கிறார்கள். "நான் என்ன நம்ப வேண்டும்?" என்று ஒரு பாட்டியிடம் கேட்டேன். "அக்டோபர் 31 வா, செத்துப்போன உன் ஆட்கள் யாருடைய பேரையாவது சொல்லு" என்றார். அவ்வளவுதான். அவர்களுடைய எட்டுப் பண்டிகைகளில் அது ஒன்று, சாவின் என்பார்கள். மெழுகுவர்த்தி முன்னால் பூட்டியின் பேரைச் சத்தமாகச் சொன்னேன். அவள் அக்கினிக்கடலில் இருக்கிறாள் என்று சண்டே ஸ்கூலில் கேட்டு வளர்ந்தவள் நான். அன்று அழுத மாதிரி கவுன்சிலிங்கில்கூட அழுததில்லை.

ஆனால் ஏமாறாதீர்கள். விக்கா ஆதிகாலத்திலிருந்து தொடர்ந்து வருகிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பிரிட்டனில் சூனியத் தடைச் சட்டம் 1951ல் நீக்கப்பட்ட பிறகு ஜெரால்ட் கார்ட்னர் வெளியே கொண்டுவந்தது அது. ரொனால்ட் ஹட்டன் என்ற வரலாற்றாசிரியர் இதை விரிவாகக் காட்டியிருக்கிறார். படிகக்கல்லால் வலிப்பைக் குணமாக்குகிறேன் என்று வந்தவரையும் அந்தப் பப்பிலேயே பார்த்தேன். எழுந்து வந்துவிட்டேன். மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர் எந்தச் சாமியின் ஆளாக இருந்தாலும் எனக்கு ஒன்றுதான். ஊர்க் கோயில்களும் சுத்தம் இல்லை. பேய் ஓட்டுகிறேன் என்று பெண்களைச் சாட்டையால் அடிக்கும் இடங்கள் உண்டு.

அம்மா இன்னும் சபைக்குப் போகிறாள். ராத்திரி போனில் "ஜெபம் பண்ணிட்டுத் தூங்கு பிள்ள" என்பாள். சரிம்மா என்பேன். எல்லாவற்றையும் அவளிடம் சொல்லித் தீர்க்க வேண்டும் என்று முன்பு நினைத்தேன், இப்போது இல்லை.

போன வருஷம் ஊருக்குப் போனபோது சித்தியோடு முப்பந்தல் இசக்கி கோயிலுக்குப் போனேன். சுற்றிலும் காற்றாலைகள். இசக்கிக்குக் கண்ணாடி வளையல் வாங்கினேன், கை நடுங்கியது. வளையலை வைத்துவிட்டு நின்றேன், வேண்டுதல் எதுவும் வாயில் வரவில்லை. மணி எட்டாகிவிட்டது என்று போன் அடித்தது, மாத்திரை நேரம். பையில் தண்ணீர் இல்லை. சித்தி கடைக்காரரிடம் ஒரு செம்புத் தண்ணீர் வாங்கி வந்தாள். இசக்கியைப் பார்த்துக்கொண்டே மாத்திரையை விழுங்கினேன்.