வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணி

அன்புள்ள ஐயா,

நானும் என் கல்லூரி நண்பனும் அக்டோபரில் ஸ்பெயின் போகிறோம். பன்னிரண்டு நாள். மாட்ரிட்டில் இறங்குகிறோம், பார்சிலோனாவில் விமானம் ஏறுகிறோம், அது மட்டும்தான் முடிவாகியிருக்கிறது. அவன் எட்டு ஊருக்கு எக்ஸெல் ஷீட் போட்டு வைத்திருக்கிறான். டொலேடோ, செகோவியா, கோர்டோபா, செவில்யா, கிரனாடா எல்லாம் அதில் உண்டு. எனக்கோ காலையில் எழுந்து எங்கே போகத் தோன்றுகிறதோ அங்கே போக ஆசை. தினமும் இதில் சண்டை. யார் சொல்வது சரி? கிரனாடாவிலிருந்து பார்சிலோனா போகும் வழியில் வலென்சியா வருகிறது. அங்கே பார்க்க ஒன்றுமில்லை, பாயெயா என்று ஒரு அரிசிச் சாப்பாடு, அதைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்கிறார்கள். விட்டுவிடலாமா? அப்புறம், மதியம் கடையை எல்லாம் மூடிவிட்டுத் தூங்கப் போய்விடுவார்களாமே. இப்படியொரு சோம்பேறி நாடு எப்படி முன்னேறியது?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

ஊர் சுற்றுவது எப்படி என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. வலென்சியாவை விட்டுவிடலாமா என்று போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் இது. போன வாரம் என் நண்பர் ஒருவர் போன் செய்தார். தலைஞாயிறு பக்கம், கடைமடை விவசாயி. மேட்டூர் திறந்து இத்தனை நாளாகியும் தண்ணீர் தன் வயலுக்கு வந்து சேரவில்லை என்று புலம்பினார். அவர் புலம்பல் எப்போதும் வலென்சியாவில்தான் போய் முடியும். ஏன் என்று சொல்கிறேன்.

அதற்கு முன் உங்கள் சண்டை. கிரனாடாவில் அல்ஹம்ப்ரா கோட்டைக்கு டிக்கெட்டை இன்றே எடுங்கள். அதற்குள் இருக்கும் நஸ்ரித் அரண்மனைகளுக்குள் நுழைய நேரம் குறித்துத்தான் அனுமதி. வாரக்கணக்கில் முன்பே தீர்ந்துபோகும். வாசலில் போய் நின்று கெஞ்சினால் நடக்காது. கோர்டோபா பெரிய மசூதியில் ஒரு காலைப்பொழுது முழுக்க இருங்கள். மற்றபடி எக்ஸெல்லா மனம்போன போக்கா என்ற வழக்கில் எனக்கு அக்கறையில்லை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் ஷெங்கன் விசாவுக்கு எந்த இரவு எந்த ஊரில் தங்குகிறார் என்று எழுதிக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆகவே உங்கள் நண்பரின் ஷீட்டுக்கு நன்றி சொல்லுங்கள். விசா கிடைத்த பிறகு சண்டை போட்டுக்கொள்ளலாம்.

சோம்பேறி நாடு என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் கோபம்தான் வந்தது. ஸ்பெயினின் பெரும்பகுதி கிரீனிச்சுக்கு மேற்கே இருக்கிறது. நியாயமாக லண்டன் நேரத்தில் இருக்க வேண்டிய நாடு. 1940இல் சர்வாதிகாரி ஃப்ராங்கோவின் அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி ஜெர்மனியின் நேரத்தோடு சேர்த்தது. போர் முடிந்தும் யாரும் அதைத் திருப்பவில்லை. கோடையில் இன்னும் ஒரு மணி நேரம் கூடுகிறது. அப்போது மாட்ரிட்டில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் இரண்டைத் தாண்டியிருக்கும். அவர்கள் இரண்டரைக்கு உட்கார்ந்து சாப்பிடுவது நம் கணக்கில் பன்னிரண்டரைச் சாப்பாடு. சாயங்காலம் திறக்கும் கடை இரவு எட்டரை வரை இருக்கும். மதுரைக்காரர் ஒருவர் வெயிலுக்குக் கதவடைப்பதைக் குறை சொல்வதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை.

சரி, வலென்சியா.

அந்த நண்பரும் நானும் சில வருடங்களுக்கு முன் ஸ்பெயினில் சுற்றினோம். அவர் மகள் ஜெர்மனியில் இருந்தாள். அவளைப் பார்க்க வந்தவரை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். எங்களிடமும் திட்டம் எதுவும் இல்லை, உங்கள் கனவுப்படியே என்று வைத்துக்கொள்ளுங்கள். மனிதர் எதையும் ரசிக்கவில்லை. மாட்ரிட்டின் பிராதோ அருங்காட்சியகத்தில் வெலாஸ்கஸ் 1656இல் தீட்டிய லாஸ் மெனினாஸ் முன் நான் நெடுநேரம் நின்றேன். நடுவில் இளவரசி, தோழிகள், பின்சுவர்க் கண்ணாடியில் மங்கலாக ராஜாவும் ராணியும். உலகமே கொண்டாடும் படம். அவர் வலது மூலையில் படுத்திருக்கும் நாயைக் குனிந்து பார்த்தார். "பையன் மிதிக்கிறான், அசையுதா பாருங்க. நல்ல காவல் நாய்" என்றார். அவ்வளவுதான். வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அங்கிருந்து பார்சிலோனா போவதாக இருந்தது. அதோச்சா நிலையத்தில் அன்று பார்சிலோனா ரயிலுக்குக் கட்டணம் எக்கச்சக்கம். வலென்சியா மலிவாக இருந்தது, இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்றார்கள். ஏறிவிட்டோம். மறுநாள் வியாழன் என்பதுகூட எங்களுக்கு நினைவில்லை.

வலென்சியா பேராலயத்துக்கு அப்போஸ்தலர் வாசல் என்று ஒன்று உண்டு. வெளியே பெரிய சதுக்கம். அங்கே பகல் பன்னிரண்டுக்குச் சற்று முன் கூட்டம் சேர்ந்திருந்தது. வாசலுக்கு முன்னால் வட்டமாக ஒரு இரும்புக் கம்பித் தடுப்பு, அதற்குள் தோல் வைத்துத் தைத்த பழைய மர நாற்காலிகள். மணிக்கூண்டில் பன்னிரண்டு அடிக்க, கறுப்பு மேலங்கி போட்ட எட்டுப் பேர் வந்து உட்கார்ந்தார்கள். வெயிலில் காய்ந்த முகங்கள், தடித்த விரல்கள். பித்தளைக் கொக்கி வைத்த கோலோடு ஒரு சேவகர் எழுந்து உரக்கக் கூவினார்: குவார்ட் வாய்க்காலில் புகார் சுமத்தப்பட்டவர்கள் வரலாம். யாரும் வரவில்லை. அடுத்த வாய்க்காலின் பெயர். மிஸ்லாதா, டோர்மோஸ், ஃபவாரா, ரஸ்கான்யா, ரோவெல்யா என்று எட்டு வாய்க்கால்களையும் கூப்பிட்டு முடித்தார். நீங்கள் கால்பந்து பார்க்கிறவர் என்றால் மெஸ்தாயா என்ற பெயர் தெரிந்திருக்கும். அந்த மைதானத்துக்கு அந்தப் பெயர் வந்தது இந்த எட்டில் ஒரு வாய்க்காலிலிருந்துதான். ஒருவரும் வரவில்லை. எட்டுப் பேரும் எழுந்து உள்ளே போய்விட்டார்கள். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. பக்கத்தில் கேமராவை உயர்த்திப் பிடித்திருந்த ஒருவர் இவ்வளவுதானா என்று சலித்துக்கொண்டார்.

என் நண்பர் அசையாமல் நின்றார். அருகே இருந்த உள்ளூர்க்காரர் ஒருவர் ஆங்கிலத்தில் விளக்க, நான் அவருக்குச் சொன்னேன். இது வலென்சியாவின் தண்ணீர் நீதிமன்றம். துரியா ஆற்றிலிருந்து பிரியும் எட்டு வாய்க்கால்களின் விவசாயிகள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்த எட்டுப் பேர்தான் நீதிபதிகள். சட்டம் படித்தவர்கள் இல்லை. முறை தவறித் தண்ணீர் பாய்ச்சுவது, கரையை உடைப்பது, வாய்க்காலைத் தூர்வாராமல் போடுவது, தன் வயலில் நிரம்பியதைப் பக்கத்து வயலில் விட்டு மூழ்கடிப்பது, இவைதான் வழக்குகள். வக்கீல் கிடையாது, வாக்குமூலம் எழுதுவது கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு, அதுவும் அவர்களுடைய வலென்சிய மொழியில். எந்த வாய்க்காலில் தகராறோ அந்த வாய்க்காலின் நீதிபதி தீர்ப்பில் கலந்துகொள்ளக் கூடாது. தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை.

அவர் கேட்ட முதல் கேள்வி: "எட்டுப் பேருக்கும் சொந்தமா நிலம் உண்டா? தானே உழுறவனா?"

ஆமாம், அதுதான் தகுதி என்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "இன்னைக்கு ஒருத்தரும் புகார் சொல்ல வரலைன்னா, கடைசி வயலுக்கும் தண்ணி போய்ச் சேருதுன்னு அர்த்தம்" என்றார். அந்தப் பயணம் முழுக்க அவர் குரலில் அப்படியொரு கனத்தை நான் கேட்டதில்லை. கேமராக்காரர் எதுவும் நடக்கவில்லை என்று நினைத்த இடத்தில், நடக்க வேண்டியது வயலில் ஏற்கெனவே நடந்துவிட்டது என்பது இவருக்குப் புரிந்தது.

சதுக்கத்தில் ஒரு நீரூற்று இருக்கிறது. சாய்ந்து படுத்திருக்கும் ஓர் ஆண், சுற்றிலும் குடம் வைத்த எட்டுப் பெண்கள். நான் ஏதோ கிரேக்கக் கதை என்று கைப்பேசியில் தேடிக்கொண்டிருந்தேன். "ஆறும் எட்டு வாய்க்காலும்" என்று சொல்லிவிட்டு அவர் முன்னால் நடந்துவிட்டார். அவர் சொன்னதுதான் சரி.

சாயங்காலம் மெட்ரோ பிடித்து அல்போராயா போனோம். நகரம் முடிந்ததும் வயல் தொடங்கிவிடுகிறது. ரஸ்கான்யா தண்ணீர் பாயும் பூமி. சிமென்ட் மடைகள், இரும்புப் பலகை வைத்த சின்ன மதகுகள். அவர் ஒவ்வொரு மதகிலும் நின்று பலகையைத் தூக்கி இறக்கும் விதத்தைப் பார்த்தார். வயல் முழுக்கப் புல் மாதிரி ஏதோ செழித்து நின்றது. பாத்தி ஓரத்தில் குனிந்து ஒன்றைப் பிடுங்கி, வேரில் இருந்த மணிக்கிழங்கை நகத்தால் கீறிப் பார்த்தவர் வாய்விட்டுச் சிரித்தார். கோரை! நம் வயலில் களைவெட்டியே ஓய்ந்துபோகிறோமே, அதன் பங்காளி. அங்கே அதற்குச் சூஃபா என்று பெயர். உழுது, விதைத்து, தண்ணீர் கட்டி வளர்க்கிறார்கள். அந்தக் கிழங்கை ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்து, சர்க்கரை போட்டு, சில்லென்று ஓர்ச்சாத்தா என்று தருகிறார்கள். இரண்டு டம்ளர் குடித்தார். "எங்கப்பா இருந்திருந்தா நம்பியிருக்க மாட்டார்" என்றார்.

பார்க்க ஒன்றுமில்லாத ஊர் என்கிறீர்கள். உங்களுக்கு அப்படிச் சொன்னவர்கள் கல்லைப் பார்க்கப் போனவர்கள். செகோவியாவில் சுண்ணாம்பே இல்லாமல் ரோமானியர் அடுக்கிய நீர்ப்பாலம் இருக்கிறது. அற்புதம்தான், ஆனால் அதில் இப்போது தண்ணீர் ஓடவில்லை. வலென்சியாவில் ஓடுகிறது, அதற்கான முறையும் கூடவே ஓடுகிறது. அந்த முறை முஸ்லிம்கள் ஆண்ட காலத்தது. 1960இல் ஆயிரமாவது ஆண்டு விழா எடுத்தார்கள், பத்தாம் நூற்றாண்டின் கோர்டோபா கலீபாக்களைக் கணக்கில் வைத்து. 1238இல் முதலாம் ஜாவ்மே மன்னர் நகரைப் பிடித்தபோது மசூதியைப் பேராலயமாக்கினார். வாய்க்காலில் கை வைக்கவில்லை. முன்பு எப்படிப் பாய்ந்ததோ அப்படியே பாயட்டும் என்று எழுதிக் கொடுத்தார். மசூதி பேராலயமான பின் முஸ்லிம் விவசாயிகள் உள்ளே வர முடியாது, அதனால்தான் நீதிமன்றம் வாசலுக்கு வெளியே கூடுகிறது என்று அந்த ஊரில் ஒரு கதை சொல்வார்கள். 1609இல் அந்த முஸ்லிம்களின் வழிவந்தவர்களையும் கப்பலேற்றித் துரத்தினார்கள். தண்ணீர் முறையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். இதையும் தெரிந்துகொண்டுதான் அந்தக் கம்பித் தடுப்பின் முன்னால் நிற்க வேண்டும்.

உடனே 'அந்தக் காலத்து ஞானம்' என்று முகநூலில் எழுதக் கிளம்பிவிடாதீர்கள். இந்த வியாதி நம்மிடம் அதிகம். யுனெஸ்கோ 2009இல் அங்கீகரித்ததற்காக அந்த நீதிமன்றம் நிற்கவில்லை. எட்டு வாய்க்காலும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. இன்று நீதிபதியாக உட்காருபவர் நாளைக்குத் தன் மதகுக்காக அதே வட்டத்துக்குள் நிற்க நேரலாம். அதனால் நிற்கிறது. காவிரிக்கு இதைச் செய்ய முடியுமா என்று நான் கேட்டேன். என் நண்பர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "மாநிலத்துக்கு மாநிலம் எங்க, வாய்க்காலுக்கு வாய்க்கால் எங்க? எங்க ஊரு ஒரு வாய்க்காலுக்கு ஆகும். அதுக்கே ஆள் இல்லை" என்றார். வலென்சியாவின் வயல்களும் சுருங்கிக்கொண்டுதான் வருகின்றன. நகரம் வருடத்துக்கு வருடம் தின்கிறது.

துரியா ஆற்றையும் நடந்து பாருங்கள். ஆற்றுப்படுகை இப்போது பூங்கா, சுமார் ஒன்பது கிலோமீட்டர். 1957 அக்டோபரில் வந்த வெள்ளத்தில் எண்பதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதன் பிறகு ஆற்றை நகரத்துக்குத் தெற்கே திருப்பிவிட்டார்கள். காய்ந்த படுகையில் நெடுஞ்சாலை போட அரசாங்கம் நினைத்தது. மக்கள் சண்டை போட்டுத் தோட்டமாக வாங்கினார்கள். 2024 அக்டோபர் 29 வெள்ளத்தில் அந்தப் புதுக் கால்வாய் நகரத்தைக் காப்பாற்றியது. அதற்குத் தெற்கே பாய்போர்த்தா போன்ற ஊர்களில் வேறொரு ஓடை பெருகி வந்தது. வலென்சியா வட்டாரத்தில் மட்டும் இருநூற்று இருபதுக்கு மேல் சாவு. நீங்கள் போவதும் அக்டோபரில். அங்கே யாராவது மழையைப் பற்றிப் பேசினால் அமைதியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாயெயாவை இரவில் கேட்காதீர்கள், அது மதியச் சாப்பாடு. அந்த ஊர் முறைப்படி கோழியும் முயலும் போடுவார்கள். சைவமென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆகவே எக்ஸெல் ஷீட்டில் ஒரு கட்டத்தில் மட்டும் மையால் எழுதச் சொல்லுங்கள்: வியாழன், பகல் பன்னிரண்டு, வலென்சியா. மற்ற கட்டங்களை எப்படி வேண்டுமானாலும் கலைத்துக்கொள்ளுங்கள், சண்டையும் போடுங்கள். ஒரு எச்சரிக்கை. வியாழன் விடுமுறையாக இருந்தால் முந்தைய நாள் புதன்கிழமையே கூடிவிடுவார்கள். அக்டோபர் 9 வலென்சியாவின் சொந்தத் திருநாள், ஜாவ்மே மன்னர் நகருக்குள் நுழைந்த நாள். அது என்ன கிழமையில் விழுகிறது என்று டிக்கெட் எடுப்பதற்கு முன் காலண்டரைப் பார்த்துவிடுங்கள்.