கணினிக் கேள்வி பதில்: சத்தம் எங்கே போச்சு?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்குப் பாதி ஒரே புலம்பல். லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டரில் சத்தம் வரவில்லை, வந்தாலும் ஒழுங்காக வரவில்லை. நாலு கடிதத்தை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: ஐயா, மகன் கேப்டவுனுக்கு வேலைக்குக் கிளம்பும் முன்னால் என் பழைய டெஸ்க்டாப்பில் உபுண்டு 24.04 என்ற லினக்ஸைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. போன வாரம் மானிட்டர் கெட்டுப்போனதால், சும்மா கிடந்த டிவியை எச்டிஎம்ஐ வயரில் மாட்டினேன். அன்றிலிருந்து ஸ்பீக்கரில் மூச்சுப் பேச்சில்லை, காலையில் பக்திப் பாட்டுக் கேட்க முடியவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ண வேண்டும் என்கிறான் பக்கத்து வீட்டுப் பையன். பண்ணட்டுமா? (வாசகி, சாட்ஸ்வொர்த்)

பதில்: வேண்டாம் அக்கா. பையனுக்கு இரண்டு சமோசா கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

உங்கள் சத்தம் எங்கேயும் தொலையவில்லை, டிவிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. எச்டிஎம்ஐ வயரில் படத்தோடு ஒலியும் சேர்ந்தே போகும். புதிதாக ஒரு டிவி வந்து ஒட்டிக்கொண்டதும் கம்ப்யூட்டர் இனிமேல் இதில்தான் பாட வேண்டும்போல என்று முடிவு பண்ணியிருக்கும், டிவியின் வால்யூமோ பூஜ்யத்தில் கிடக்கும். செட்டிங்ஸைத் திறந்து சவுண்ட் பகுதிக்குப் போங்கள், அவுட்புட் என்ற இடத்தில் எச்டிஎம்ஐ என்று இருப்பதை மாற்றி லைன் அவுட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பத்தில் எட்டுப் பேருக்கு இதோடு கதை முடிந்துவிடும் என்பது என் அனுபவம்.

முடியாவிட்டால் எந்த இடத்தில் அடைத்துக்கொண்டது என்று தேட வேண்டும். லினக்ஸில் ஒலி மூன்று கை மாறி வருகிறது. பாட்டுப் பாடும் மென்பொருள் அதைப் பைப்வயர் என்ற நடுவனிடம் கொடுக்கும், பைப்வயர் அதை கெர்னல் என்கிற லினக்ஸின் மையப் பகுதிக்குள் இருக்கும் ஆல்சாவிடம் கொடுக்கும், ஆல்சாதான் சவுண்ட் கார்டோடு பேசும். உபுண்டுவில் 22.10 வரும்வரை அந்த நடுவன் வேலையைப் பல்ஸ்ஆடியோ பார்த்தது. அதனால்தான் இணையத்தில் கிடைக்கிற பழைய வைத்தியம் பாதி இன்றைக்குப் பொருந்துவதில்லை, சிலது கெடுத்தும் விடும். உங்களை ஆடியோ குழுவில் சேர்த்துக்கொள் என்று ஒரு அறிவுரை பல வருஷமாகச் சுற்றுகிறது பாருங்கள், அதைத் தொடவே தொடாதீர்கள். உள்ளே நுழைந்திருக்கும் ஆளுக்கு சவுண்ட் கார்டைத் தானாகவே திறந்துவிடும் ஏற்பாடு எப்போதோ வந்துவிட்டது.

பல்ஸ்ஆடியோ வால்யூம் கண்ட்ரோல் என்று ஒரு சின்ன மென்பொருள் இருக்கிறது. பெயர் பழசு, ஆனால் பைப்வயரோடும் ஒத்துப்போகும். அதைப் போட்டு, ஒரு பாட்டை ஓடவிட்டு, பிளேபேக் பக்கத்தைப் பாருங்கள். பாட்டின் பெயருக்குக் கீழே ஒரு கோடு துள்ளினால் பாட்டு நடுவன் வரைக்கும் வந்துவிட்டது என்று அர்த்தம், கோளாறு அதற்குக் கீழே. கோடே அசையாவிட்டால் கோளாறு பாட்டு மென்பொருளில். கீழே என்றால் கட்டளை அடிக்கிற டெர்மினல் ஜன்னலைத் திறந்து ஆல்சாமிக்சர் (alsamixer) என்று சிறிய ஆங்கில எழுத்தில் இடைவெளி விடாமல் அடியுங்கள். எஃப்6 அழுத்தி உங்கள் கார்டைத் தேர்ந்தெடுங்கள். எந்தக் கம்பத்தின் கீழே எம்எம் என்று இரண்டு எழுத்து தெரிகிறதோ அது வாய் கட்டப்பட்டிருக்கிறது, அங்கே போய் எம் பொத்தானைத் தட்டினால் திறக்கும். அங்கேயே ஆட்டோ மியூட் என்று ஒன்று இருக்கும். முன்பக்கத் துளையில் ஹெட்போன் மாட்டியிருந்தால் பின்பக்க ஸ்பீக்கரை அது அடக்கிவிடும், சில சமயம் ஒன்றுமே மாட்டாதபோதும் மாட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ளும். அதை டிசேபிள் பண்ணிவிடுங்கள்.

சவுண்ட் பக்கத்தில் டம்மி அவுட்புட் என்று மட்டும் இருந்தால் விஷயம் வேறு, கார்டே கண்ணுக்குத் தெரியவில்லை என்று பொருள். முதலில் முழுசாக அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஒரு நிமிஷம் கழித்துப் போட்டுப் பாருங்கள். அதே கம்ப்யூட்டரில் விண்டோஸும் இருந்தால் அதன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிடுங்கள். அது கார்டைப் பாதித் தூக்கத்தில் விட்டுவிட்டுப் போய்விடும், லினக்ஸ் வந்து எழுப்பினால் எழாது. அப்டேட் ஆன மறுநாள் போனது என்றால், கம்ப்யூட்டர் கிளம்பும்போது வரும் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அதிலும் பேசவில்லையா? உபுண்டு பென்டிரைவைச் செருகி, அதிலிருந்தே கம்ப்யூட்டரைக் கிளப்பி, இன்ஸ்டால் பண்ணாமல் ட்ரை என்பதைக் கொடுத்து ஒரு பாட்டுப் போடுங்கள். அங்கே பாடினால் கார்டு நன்றாகத்தான் இருக்கிறது. அங்கேயும் பாடவில்லை, பழைய கெர்னலிலும் பாடவில்லை என்றால் கடைக்குப் போய் ஒரு யூஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கிக்கொள்ளுங்கள், விலை குறைவுதான்.

ஒரு சின்ன விஷயம். உபுண்டு என்பது ஜூலு மொழியிலும் கோசா மொழியிலும் மனிதத்தன்மையைக் குறிக்கிற சொல். அதை 2004 அக்டோபரில் கொண்டுவந்த மார்க் ஷட்டில்வொர்த் வெல்கம் ஊரில் பிறந்தவர், நம் தென்னாப்பிரிக்காக்காரர். என்னோடு வேலை பார்க்கும் ஜூலு நண்பரிடம் "உபுண்டுவில் சத்தமே இல்லை" என்று ஒருநாள் சொல்லிவிட்டு, மனிதத்தன்மைக்கே தொண்டை கட்டிப்போச்சா என்று அவர் கேட்டுக் கேட்டுச் சிரித்ததை இன்னும் மறக்கவில்லை.

கேள்வி: எங்கள் கோயில் மண்டபத்தில் ஆடிக் கூழ் பூசைக்கு லினக்ஸ் மின்ட் போட்ட லேப்டாப்பிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் பாட்டுக் கொடுக்கிறோம். சார்ஜர் மாட்டினால் "ம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம். கழற்றினால் நின்றுவிடுகிறது. எந்த டிரைவரை மாற்ற வேண்டும்? (கோயில் கமிட்டி உறுப்பினர், டர்பன்)

பதில்: டிரைவரை விடுங்கள் ஐயா, லினக்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சார்ஜரைக் கழற்றினால் நிற்கிறது என்று நீங்களே பதிலை எழுதிவிட்டீர்கள். லேப்டாப் ஒரு சுவரில், ஆம்ப்ளிஃபயர் இன்னொரு சுவரில் மாட்டியிருக்கும். இரண்டின் எர்த் வயரும் சுவருக்குள்ளே போய்ச் சேருகிறது, நீங்கள் மாட்டிய ஆடியோ வயர் இந்தப் பக்கம் சேர்த்து வைக்கிறது, ஆக ஒரு முழு வளையம். அந்த வளையத்துக்குள் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் புகுந்து முனகுகிறது.

இரண்டையும் ஒரே மல்டிப்ளக்கில் மாட்டிப் பாருங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். கெட்டிலை மட்டும் அதே மல்டிப்ளக்கில் சேர்க்காதீர்கள். அடங்காவிட்டால் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று ஆடியோ வயருக்கு நடுவே மாட்டும் சின்ன டப்பா கிடைக்கும், உள்ளே குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கும், வளையத்தை அறுத்துவிட்டுப் பாட்டை மட்டும் கடத்தும்.

கமிட்டியில் யாராவது ஒரு பெரியவர், பிளக்கில் இருக்கும் அந்தத் தடித்த எர்த் முள்ளை வெட்டிவிட்டால் ரீங்காரம் போய்விடும் என்பார். போகும்தான். ஆம்ப்ளிஃபயரில் ஒரு வயர் உள்ளே உரசினால், மைக்கைப் பிடித்துக்கொண்டு ஈரக் காலோடு நிற்கிற ஆளும் போய்விடுவார். கூழ் ஊற்றுகிற இடத்தில் தரை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாததா.

கேள்வி: புளூடூத் ஹெட்செட்டில் பாட்டு அருமையாகக் கேட்கிறது. ஆன்லைன் வகுப்பில் சேர்ந்ததும் எல்லோரும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது மாதிரி ஆகிவிடுகிறது. (மாணவன், லெனேசியா)

பதில்: தம்பி, உன் ஹெட்செட்டுக்கு இரண்டு முகம். ஏ2டிபி என்ற முகம் ஸ்டீரியோவில் நன்றாகப் பாடும், ஆனால் அப்போது மைக் வேலை செய்யாது. மைக் வேண்டும் என்றதும் அது டெலிபோன் முகத்துக்கு மாறிவிடும். அதில் ஒரே சேனல்தான், ஒலியை விநாடிக்கு 16,000 தடவைதான் அளந்து அனுப்பும், பழைய ஹெட்செட் என்றால் வெறும் 8,000. பாட்டு சிடியில் இருப்பது 44,100. கிணறு எங்கிருந்து வந்தது என்று புரிகிறதா? விண்டோஸிலும் இதே தொல்லை உண்டு.

வழி சுலபம். சவுண்ட் செட்டிங்ஸில் இன்புட்டை லேப்டாப்பின் சொந்த மைக்குக்கு மாற்று, வகுப்பு நடக்கும் மென்பொருளின் செட்டிங்ஸிலும் அதையே தேர்ந்தெடு. ஹெட்செட் மைக்கை யாரும் கேட்கவில்லை என்றால் அது பாட்டு முகத்திலேயே இருக்கும். வீட்டில் இரைச்சல் அதிகமா, அப்போ வயர் ஹெட்செட்.

கேள்வி: ஆயாவுக்கு லோட்டஸ் எஃப்எம் போட்டுக் கொடுக்கிறேன். நிறுத்திவிட்டு மறுபடி போடும்போதெல்லாம் "டிக்" என்று ஒரு சத்தம், முதல் வார்த்தை விழுங்கப்படுகிறது. ஆயா என்னைத் திட்டுகிறார். (வாசகி, டொங்காட்)

பதில்: சவுண்ட் கார்டு குட்டித் தூக்கம் போடுகிறது. சில விநாடி வேலை இல்லாவிட்டால் பைப்வயரின் உதவியாளான வயர்ப்ளம்பர் அதை ஓய்வெடுக்க விட்டுவிடும், வழக்கமாக 5 விநாடி. அப்புறம் கெர்னல் அதன் மின்சாரத்தையும் குறைத்துவிடும். மறுபடி எழும்போது வருவதுதான் அந்த டிக். பேட்டரியை மிச்சப்படுத்த டிஎல்பி என்ற மென்பொருள் போட்டிருந்தால் முதலில் அதன் செட்டிங்ஸில் சவுண்ட் பவர் சேவ் என்று இருக்கும் இரண்டு வரியிலும் 0 போடுங்கள். டிஎல்பி இல்லையென்றால் கெர்னலில் சவுண்ட் கார்டை ஓட்டும் இன்டெல் எச்டிஏ சவுண்ட் மாட்யூலின் பவர் சேவ் அளவை 0 ஆக்கி, ரீஸ்டார்ட் பண்ணுங்கள். டிக் நின்றும் முதல் வார்த்தை இன்னும் காணாமல் போனால் வயர்ப்ளம்பரின் அந்த 5 விநாடியையும் 0 ஆக்க வேண்டும், 0 என்றால் தூங்கவே கூடாது என்று பொருள். இதெல்லாம் முடியும்வரை ரேடியோவை நிறுத்தாமல், அதன் வால்யூமை மட்டும் குறைத்து வையுங்கள். கார்டும் தூங்காது, ஆயாவும் திட்ட மாட்டார்.