சிட்டி கோல்ஃபில் டர்போ எஞ்சின்: பழைய கியர்பாக்ஸ் தாங்குமா?

டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "என்னிடம் 1.8 கார்புரேட்டர் எஞ்சினோடு ஒரு சிட்டி கோல்ஃப் இருக்கிறது. ஸ்க்ராப்யார்டில் கோல்ஃப் 4-இல் இருந்து கழற்றிய 1.8 டர்போ, 20 வால்வ் எஞ்சின் நல்ல விலைக்குக் கிடைத்துவிட்டது. கியர்பாக்ஸுக்குக் கையில் பெரிய பணம் இல்லை. இப்போது இருக்கும் ஐந்து கியர் பாக்ஸையே உள்ளே வலுப்படுத்தி ஓட்டலாமா, அண்ணா? ரேஸுக்கான கியர் செட் போட்டால்தான் தாங்கும் என்று ஒருவர் சொல்கிறார், சும்மா போட்டு ஓட்டு என்று இன்னொருவர் சொல்கிறார்."

இரண்டு பேர் சொல்வதும் முழுசாகச் சரியில்லை, தம்பி. எஞ்சினை ரீமேப் செய்யாமல், அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரை மாற்றி சக்தியைக் கூட்டாமல், கம்பெனி விட்ட 150 குதிரைத்திறன், 210 நியூட்டன் மீட்டர் அளவிலேயே வைத்து, ரோட்டில் மட்டும் ஓட்டுவதாக இருந்தால், அந்தப் பாக்ஸைச் சரியான இடத்தில் கை வைத்துத் தேற்றிவிடலாம். அதற்கு மேலே போகப் போகிறீர்கள் என்றால் அதன் உள்ளே ஒரு ராண்ட் கூடப் போடாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

கியர்பாக்ஸை உடைப்பது குதிரைத்திறன் இல்லை, டார்க் என்ற முறுக்கு விசை. அதிலும் சீராக வரும் டார்க்கை விட, திடீரென்று அடிக்கும் டார்க். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் பாக்ஸ் 020 என்ற வகை. விகிதங்கள் பாக்ஸுக்குப் பாக்ஸ் மாறும், ஆனாலும் முதல் கியர் 3.45, மூன்றாவது 1.44, ஃபைனல் டிரைவ் என்ற கடைசிப் பற்சக்கர விகிதம் 3.67 என்று எடுத்துக்கொள்வோம். 210 நியூட்டன் மீட்டர் முதல் கியரில் சக்கரத்துக்குப் போகும்போது சுமார் 2650 ஆகிறது. ஆனால் முன் சக்கரங்கள் மீது 500 கிலோ எடை, சாதாரண 13 அங்குல டயர் என்றால், ரோட்டைப் பிடிக்கக்கூடிய எல்லையே சுமார் 1250 தான். ஆக, முதல் கியரில் டயர் சுழன்றுவிடும், எஞ்சினின் முழு டார்க் பல்லுக்குப் போகவே போகாது. இரண்டாவதிலும் ஏறக்குறைய இதே கதைதான். மூன்றாவதில் கணக்குப் போட்டால் 1110 வருகிறது. அதாவது டயர் பிடித்துக்கொள்ளும், எஞ்சின் முழு டர்போ அழுத்தத்தில் தள்ளும், நடுவில் மாட்டிக்கொள்வது மூன்றாவது கியரின் பல்தான். முதல் கியரில் டயரைத் தேய்த்துப் புகை விடுகிறவன் பாக்ஸை உடைக்கவில்லையே என்று ஆச்சரியப்படுவார்கள், ஹிக்கின்சன் ஹைவேயில் மூன்றாவதில் அழுத்திக்கொண்டு போகிறவன் சத்தமில்லாமல் அதைத் தின்றுகொண்டிருப்பான்.

ஜோபர்கில் டர்போ இல்லாத 2 லிட்டர் எஞ்சினை மாட்டியவர்கள் "ஒன்றும் ஆகவில்லை" என்று சொன்னால் யோசித்துக் கேளுங்கள். அங்கே உயரம் சுமார் 1750 மீட்டர், டர்போ இல்லாத எஞ்சின் அந்தக் காற்றில் ஆறில் ஒரு பங்கு சக்தியை இழந்துவிடும். அவர்களுடைய 2 லிட்டர் எஞ்சினை அங்கே தாங்கிய பாக்ஸ், இங்கே கடல் மட்டத்தில் அதே எஞ்சினைத் தாங்கும் என்று சொல்ல முடியாது. டர்போ இந்த இழப்பைப் பெரும்பாலும் சரிக்கட்டிவிடும் என்பதால் உங்கள் விஷயத்தில் வித்தியாசம் குறைவு.

சரி, பல்லுக்கு முன்னாலேயே இந்தப் பாக்ஸில் உடையும் இடம் ஒன்று இருக்கிறது: டிஃப், அதாவது இரண்டு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல். 020-இல் டிஃபைச் சுற்றும் பெரிய பற்சக்கரமான கிரவுன் வீலை டிஃப் கூட்டோடு ரிவெட் அடித்துப் பிடித்திருப்பார்கள். வேகமாகக் கிளட்சை விட்டுக் கிளம்பும்போதோ, ஒரு சக்கரம் சுழன்று மறுபடி சட்டென்று ரோட்டைப் பிடிக்கும்போதோ அந்த ரிவெட் தலை தெறிக்கும். தெறித்த துண்டு கிரவுன் வீலோடு சுற்றி, அலுமினியக் கேஸில் ஓட்டை போட்டுவிட்டு வெளியே வரும். அப்புறம் கேஸும் போச்சு, ஆயிலும் போச்சு. இது உங்கள் பழைய எஞ்சினோடு கூட நடக்கும் விஷயம், டர்போ வந்தால் நாள் இன்னும் சீக்கிரம் வரும். ஆகவே பாக்ஸைத் திறப்பதே இதற்காகத்தான்: ரிவெட்களைத் துளையிட்டு எடுத்துவிட்டு, அதற்கென்று விற்கும் 12.9 தர போல்ட் கிட் போட வேண்டும். போல்ட்டுக்கு நல்ல திரெட் லாக் போடுங்கள், டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குங்கள், மூடுவதற்கு முன் டிஃபைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி போல்ட் தலை கேஸில் எங்கேயும் உரசுகிறதா என்று பாருங்கள். ரிவெட்டைத் துளையிடும்போது ஓட்டை கோணலாகப் போனால் கிரவுன் வீல் ஒரு பக்கம் ஆடும், அதனால் இதை நிற்கும் டிரில்லில் வைத்துச் செய்யும் ஆளிடம் கொடுங்கள், கையில் பிடிக்கும் டிரில்லால் செய்கிறேன் என்பவரிடம் வேண்டாம்.

கொஞ்சம் பணம் கூடுதலாகத் தேறினால் நான் போடச் சொல்வது குவைஃப் மாதிரியான, பற்சக்கரங்களால் வேலை செய்யும் லிமிடெட் ஸ்லிப் டிஃப். அதில் கிரவுன் வீலை போல்ட் போட்டே மாட்டுவார்கள், ரிவெட் பிரச்சினை தானே தீர்ந்துவிடும், ஒரு சக்கரம் மட்டும் பைத்தியம் பிடித்துச் சுழன்று உள்ளே இருக்கும் சின்ன கியர்களை எரிப்பதும் நிற்கும்.

திறந்த கையோடு பேரிங்குகள், சீல்கள், கியர் மாற்றும்போது வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோ ரிங்குகள், செலக்டர் ஃபோர்க் எல்லாவற்றையும் பாருங்கள். பேரிங்கை மாற்றினால் இடைவெளியைச் சரிக்கட்டும் மெல்லிய தகடான ஷிம்மின் அளவை மறுபடி அளந்துதான் போட வேண்டும், பழைய ஷிம்மையே திருப்பிப் போடுவது இங்கே பலர் செய்யும் வேலை. இது ஏன் முக்கியம் என்றால், சுமை ஏறும்போது இரண்டு பற்சக்கரங்களும் ஒன்றை ஒன்று தள்ளி விலகப் பார்க்கும், ஷாஃப்ட் வளையும், கேஸ் கூட லேசாக விரியும். பேரிங் தளர்ந்திருந்தால் பல்லின் முழு அகலத்துக்கும் போக வேண்டிய சுமை ஓரத்தில் மட்டும் ஏறி, அந்த ஓரம் உடையும். "பல் உடைந்துவிட்டது, கியர் தரமில்லை" என்று சொல்லும் பாதிப் பேருக்கு உண்மையில் போனது பேரிங்.

பற்களை வலுப்படுத்துவது பற்றி: ஷாட் பீனிங் என்று சின்ன உருண்டைகளை அடித்துப் பல்லின் அடிப்பகுதியில் அழுத்தத்தை ஏற்றி வைக்கும் முறை உண்மையிலேயே வேலை செய்யும், உலோகச் சோர்வால் வரும் விரிசலைத் தள்ளிப் போடும். ஆனால் ஏற்கெனவே தேய்ந்து குழி விழுந்த பல்லுக்கு அது மருந்து இல்லை. பல்லின் மேல்தோல் மட்டும்தான் கடினப்படுத்தியது, உள்ளே மென்மையான எஃகு, ஆகவே யாராவது கிரைண்டர் வைத்துத் தேய்த்துச் சரி செய்கிறேன் என்றால் பாக்ஸை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். நேர்ப்பல் கியர் செட் ரேஸுக்கு நல்லது, தினமும் வேலைக்குப் போகும் வண்டியில் அந்த ஊளைச் சத்தம் ஒரு வாரத்தில் வெறுத்துவிடும், விலையும் உங்கள் எஞ்சினை விட அதிகம்.

கிளட்ச்தான் இங்கே உங்களுக்கு ஃபியூஸ். எஞ்சின் டார்க்கை விட ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தாங்கும் பிரஷர் பிளேட், ஸ்பிரிங் வைத்த சாதாரண ஆர்கானிக் கிளட்ச் பிளேட், அவ்வளவு போதும். நண்பர்கள் எல்லோரும் சொல்லும் அந்தப் பேடில் கிளட்ச் எந்த அடியையும் வழுக்க விடாமல் நேராகப் பல்லுக்கு அனுப்பும், ரோட்டு வண்டியில் வேண்டவே வேண்டாம். 020-இல் இன்னொரு விசித்திரம், மற்ற வண்டிகளுக்குத் தலைகீழாக பிரஷர் பிளேட் கிராங்கோடும் ஃபிளைவீல் அதன் மேலும் போல்ட் ஆகும், மெல்லிய தள்ளுகம்பி ஒன்று கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டுக்குள் ஓடும். ஆகவே புதிய எஞ்சினோடு வந்த கிளட்ச் செட் அப்படியே இதில் உட்காராது, வாங்கும்போது பாக்ஸைச் சொல்லி வாங்குங்கள்.

எஞ்சின் மவுண்டுகளை மறக்காதீர்கள். பழைய ரப்பர் நைந்து எஞ்சின் ஆடினால், கிளம்பும்போது சக்கரம் துள்ளும், ஒவ்வொரு துள்ளலும் டிஃபுக்கு ஒரு சுத்தியல் அடி. கியர் லீவரின் புஷ்களும் அப்படித்தான், தேய்ந்திருந்தால் கியர் பாதி மாட்டி நிற்கும், அதில் நீங்கள் ஆக்சிலேட்டரை மிதிப்பீர்கள். இரண்டும் சில நூறு ராண்ட் விஷயம்.

ஆயில் ஜிஎல்-4, 75டபிள்யூ-90. பின்சக்கரத்தால் ஓடும் வண்டிகளின் டிஃபுக்கு ஊற்றும் ஜிஎல்-5 ஆயில் மிச்சம் இருக்கிறது என்று ஊற்றிவிடாதீர்கள், அதில் கூடுதலாகக் கலந்திருக்கும் கந்தக மருந்து பித்தளை சிங்க்ரோவுக்கு ஆகாது. சுமார் 2 லிட்டர் பிடிக்கும். பக்கத்து நட்டு வழியாக வழியும் வரை ஊற்றிவிட்டு நிறுத்தினால் தள்ளி இருக்கும் ஐந்தாவது கியருக்குப் போதாது, மீதியை ஸ்பீடோ கேபிள் மாட்டும் ஓட்டை வழியாக ஊற்றுங்கள். மாரிட்ஸ்பர்க் போய்வர N3-இல் ஏறுகிறவர்களுக்கு ஐந்தாவதுதான் அதிகம் உழைக்கிறது.

இப்போது முதலில் சொன்ன எல்லைக்கு வருகிறேன். எஞ்சினை ரீமேப் செய்து 270, 280 நியூட்டன் மீட்டருக்குக் கொண்டு போனால், மூன்றாவது கியரில் டயர் பிடிக்கும் எல்லை வரையும், அதற்கு மேல் கியர்களில் அத்தனையும் பல்லுக்குப் போகும், நான் மேலே சொன்ன எதுவும் அதைக் காப்பாற்றாது. அப்போது கோல்ஃப் 3 விஆர்6-இல் வரும் 02A பாக்ஸையோ, உங்கள் எஞ்சினே பிறந்த வண்டியில் இருந்த 02J-யையோ தேடுங்கள். பற்களும் ஷாஃப்ட்டும் பெரியவை, அந்த டார்க்குக்கு என்றே செய்தவை. ஆனால் கியர் கம்பிக்குப் பதில் கேபிள் வரும், கிளட்ச் ஹைட்ராலிக் ஆகும், மவுண்ட் மாறும், டிரைவ் ஷாஃப்ட் நீளம் ஒத்து வராது. பாக்ஸின் விலையை மட்டும் கேட்டுவிட்டு மகிழ்ச்சியடையாதீர்கள், இவற்றைச் சேர்த்துக் கேளுங்கள். முடிந்தால் எஞ்சின் விற்றவரிடமே பாக்ஸ், பெடல், கேபிள், லீவர் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வாங்குவது மலிவு.

நடுவழி ஒன்றும் உண்டு. ரீமேப் செய்பவரிடம் 3000 ஆர்பிஎம் வரை டர்போ அழுத்தத்தை மெதுவாக ஏற்றச் சொல்லுங்கள். மேலே இருக்கும் சக்தி பெரும்பாலும் அப்படியே இருக்கும், கீழே வரும் அந்த முரட்டு டார்க் மட்டும் குறையும். பாக்ஸுக்கு இதைவிட மலிவான வைத்தியம் இல்லை.

வேலை முடிந்து முதல் 1000 கிலோமீட்டரில் ஆயிலை வடித்துக் காந்த நட்டைப் பாருங்கள். மெல்லிய சாம்பல் நிறப் பசை என்றால் கவலையில்லை, ஆயிலில் பொன்னிறத் தூள் மின்னினால் சிங்க்ரோ தேய்கிறது, நகத்தால் எடுக்கக்கூடிய அளவுக்கு எஃகுச் சில்லு இருந்தால் அன்றைக்கே வண்டியை நிறுத்திவிட்டுத் திறந்து பாருங்கள். அப்புறம், எஞ்சின் எண் மாறுவதால் போலீஸ் கிளியரன்ஸ் எடுத்துப் பதிவிலும் மாற்ற வேண்டும், இன்ஷூரன்ஸ்காரரிடமும் சொல்லிவிடுங்கள். எஞ்சின் விற்றவரிடம் ரசீது வாங்கி வைத்தீர்களா?