மோட்டார் யார் வீட்டில் இருக்கிறது?

வாசகர் கேள்விகள், ஸ்டூடியோக்காரர் பதில்கள்

கேள்வி: சார், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நிக்கான் டி3400 கேமரா. டியூஷன் எடுத்துச் சேர்த்த காசில் 50 எம்எம் எஃப்/1.8டி லென்ஸை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். கேமராவோடு வந்த கிட் லென்ஸ் நன்றாக ஃபோகஸ் ஆகிறது. இதை மாட்டினால் பட்டனை எவ்வளவு அழுத்தினாலும் சத்தமே இல்லை. விற்றவரோ, 'என்கிட்ட நல்லாத்தானே இருந்துச்சு' என்கிறார். ஏமாந்துவிட்டேனா?
- தென்காசி வாசகர்

பதில்: ஏமாறவில்லை தம்பி. விற்றவரும் பொய் சொல்லியிருக்க மாட்டார். லென்ஸைக் கழற்றி, பின்பக்க உலோக வளையத்தைப் பாருங்கள். ஓரமாக ஒரு திருகுத் தலை, நடுவில் கோடு விழுந்து, தெரியும். இப்போது முன்னால் இருக்கிற ஃபோகஸ் வளையத்தை விரலால் சுற்றுங்கள். அந்தத் திருகும் கூடவே சுற்றுகிறதா? அப்படியானால் லென்ஸ் நலம்.

உங்கள் லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. கேமரா பாடியில் உள்ள மோட்டார், ஸ்க்ரூடிரைவர் நுனி மாதிரி ஒரு சின்னத் தகட்டை நீட்டி, அந்தக் கோட்டில் மாட்டிச் சுற்ற வேண்டும். டி90, டி7200, டி750 போன்ற பாடிகளில் அந்த மோட்டார் உண்டு. டி3000, டி5000 வரிசைகளில் எடையும் விலையும் குறைய வேண்டும் என்று அதை வைக்கவில்லை. விற்றவர் மோட்டார் உள்ள பாடி வைத்திருந்திருப்பார். கிட் லென்ஸுக்கு மோட்டார் அதற்குள்ளேயே இருப்பதால் அது உங்களிடம் ஓடுகிறது. கேனான்காரர்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை. 1987-இல் இஎஃப் மவுன்ட் (லென்ஸைப் பாடியில் பூட்டும் வாய்) கொண்டுவந்தபோதே மோட்டாரை லென்ஸுக்குள் வைத்துவிட்டார்கள். நிக்கான் 1959-இல் தொடங்கிய எஃப் மவுன்ட்டை விடாமல் வைத்துக்கொண்டதால் நமக்கு இந்தத் தலைவலி.

விற்றுவிடாதீர்கள். லென்ஸிலுள்ள அபெர்ச்சர் (ஒளி நுழையும் திறப்பு) வளையத்தை 22-இல் வைத்துப் பூட்டுங்கள், இல்லாவிட்டால் கேமரா எஃப்இஇ என்று மின்னிக்கொண்டு படமெடுக்க விடாது. அப்புறம் கையால் ஃபோகஸ் செய்யுங்கள். கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரின் இடது கீழ் மூலையில் ஒரு புள்ளி இருக்கிறது, ஃபோகஸ் சரியானால் அது அசையாமல் எரியும். தெருவில் ஓடுகிற பிள்ளையை இப்படிப் பிடிக்க முடியாது. உட்கார்ந்திருக்கும் பாட்டியை அருமையாகப் பிடிக்கலாம். ஆட்டோஃபோகஸ் இல்லாமல் முடியாது என்றால், 2011-இல் வந்த ஏஎஃப்-எஸ் 50 எம்எம் எஃப்/1.8ஜி லென்ஸைத் தேடுங்கள். வாங்குமுன் உங்கள் பாடியிலேயே மாட்டிப் பாருங்கள், விற்பவருடையதில் அல்ல.

கேள்வி: முகூர்த்த நேரத்தில் 'கேமராவுக்கும் லென்ஸுக்கும் தொடர்பு இல்லை, கான்டாக்டைத் துடைக்கவும்' என்று எர்ரர் வந்துவிட்டது. ஆஃப் செய்து ஆன் செய்தால் இரண்டு படம் எடுக்கிறது, மறுபடி அதே கதை. கான்டாக்ட் என்கிற அந்த உலோகப் புள்ளிகளை அழிரப்பர் போட்டுத் தேய்க்கலாம் என்கிறார்கள், தேய்க்கலாமா?
- காரைக்குடி வாசகர்

பதில்: வேண்டவே வேண்டாம். தொழிலுக்கு வந்த புதிதில் நான் தேய்த்தேன். ரப்பர் தூள் கேமராவுக்குள் இருக்கிற கண்ணாடிப் பெட்டிக்குள் விழுந்து, அடுத்த கல்யாணத்தில் மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டை முழுக்கக் கரும்புள்ளி. ஆல்பத்துக்கு ஒவ்வொன்றாக அழித்து உட்கார்ந்திருந்தேன். அந்தக் கான்டாக்டுகளில் இருப்பது மெல்லிய தங்கப் பூச்சு, தேய்த்தால் அதுவும் போகும்.

கேமராவை ஆஃப் செய்து, லென்ஸைக் கழற்றி, பாடியின் வாய் தரையைப் பார்க்கும்படி பிடியுங்கள். நூல் பிரியாத துணியின் நுனியில் ஐசோபுரொபைல் ஆல்கஹாலை லேசாகத் தொட்டு, லென்ஸ் பக்கப் புள்ளிகளைத் துடையுங்கள். பாடி பக்கம் இருப்பவை ஸ்ப்ரிங் வைத்த பின்கள். எதுவும் உள்ளே அழுந்தி மேலே வராமல் நிற்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். நின்றால் நீங்கள் தோண்ட வேண்டாம், மெக்கானிக்கிடம் போங்கள்.

துடைத்தும் வந்தால் ஒரு சோதனை. லென்ஸை அதன் முழுத் திறப்பில், அதாவது மிகச் சிறிய எஃப் எண்ணில் வைத்துப் பத்துப் படம் எடுங்கள். பிறகு எஃப்/8-இல் பத்து. முதல் பத்தும் ஒழுங்காக வந்து இரண்டாவதில் எர்ரர் வந்தால், குற்றம் கான்டாக்டில் இல்லை. முழுத் திறப்பில் அபெர்ச்சர் இதழ்கள் அசைய வேண்டியதில்லை, எஃப்/8-க்கு அசைய வேண்டும். அந்த இதழ்களுக்குப் போகிற ஃப்ளெக்ஸ் கேபிள் என்கிற வளையும் பட்டை ஒயரோ, இதழ் அமைப்போ பழுது என்று சந்தேகப்படலாம். இதைச் சொல்லிக் கொடுத்தால் மெக்கானிக்குக்கும் பாதி வேலை மிச்சம். அதுவரை கல்யாணத்துக்கு இன்னொரு லென்ஸ் இல்லாமல் போகாதீர்கள்.

கேள்வி: டி7200. கண்ணில் ஃபோகஸ் வைத்தால் காது ஷார்ப்பாக வருகிறது. லைவ் வியூவில், அதாவது பின்திரையைப் பார்த்து, எடுத்தால் சரியாக இருக்கிறது. லென்ஸ் கெட்டுவிட்டதா?
- ஓசூர் வாசகர்

பதில்: லைவ் வியூவில் சரி என்று நீங்களே பதிலையும் எழுதிவிட்டீர்கள். லென்ஸின் கண்ணாடி நன்றாக இருக்கிறது. வியூஃபைண்டர் வழியே எடுக்கும்போது, கேமராவின் அடியில் தனியாக இருக்கிற ஒரு சென்சார்தான் ஃபோகஸை அளக்கிறது. வியூஃபைண்டருக்கு ஒளியைத் திருப்பும் பெரிய முகக் கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் குட்டிக் கண்ணாடி ஒளியை அங்கே அனுப்புகிறது. அந்தத் தூரத்தில் முடியளவு வித்தியாசம் இருந்தாலும் ஃபோகஸ் கண்ணிலிருந்து காதுக்குப் போய்விடும். செட்அப் மெனுவில் ஏஎஃப் ஃபைன்-ட்யூன் இருக்கிறது, -20 முதல் +20 வரை. ட்ரைபாடில் கேமராவை வைத்து, நேராக நிற்கும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டில் ஃபோகஸ் வைத்து, பக்கத்தில் சாய்வாக ஒரு ஸ்கேல் வையுங்கள். ஸ்கேலிலேயே ஃபோகஸ் வைத்தால் கணக்குத் தப்பும், ஃபோகஸ் பாயின்ட் நீங்கள் பார்க்கிற கட்டத்தைவிடக் கொஞ்சம் பெரியது. பின்னால் ஷார்ப் என்றால் மைனஸ் பக்கம், ஐந்து ஐந்தாக நகர்த்துங்கள்.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் வாங்கிய பாடியில் எந்த லென்ஸ் போட்டாலும் ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தினால் ஃபோகஸ் ஆகவில்லை. ஆனால் படம் எடுக்கிறது.
- நெய்வேலி வாசகர்

பதில்: பின்பக்கம் ஏஎஃப்-ஆன் பட்டன் இருந்தால் அதைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். ஃபோகஸ் ஓடுகிறதா? பழைய சொந்தக்காரர் ஃபோகஸை அங்கே மாற்றி வைத்திருக்கிறார். மெனுவில் ரீசெட் கொடுத்தால் போதும்.